மௌனம் சம்மதமா? நீங்க எதையும் தேர்வு செய்யாதபோது உங்க சம்பளத்துக்கு என்ன ஆகுது



ஏப்ரல் மாசம் ஹெச்ஆர்கிட்ட இருந்து ஒரு மெயில் வரும். "இந்த நிதியாண்டுக்கு பழைய வரி முறையா, புதிய வரி முறையா? குறிப்பிட்ட தேதிக்குள் போர்ட்டலில் தேர்வு செய்யவும்." நம்மில் பலர் அதைத் திறந்து பார்த்துட்டு, "வீக்எண்ட்ல உட்கார்ந்து பார்க்கலாம்"னு மூடிடுவோம். தேதி தாண்டிடும். வேலை மும்முரத்தில் மறந்தும் போயிடும்.

ஆனா நீங்க தேர்வு செய்யலைன்னாலும், உங்க சார்பா ஒரு தேர்வு நடந்து முடிஞ்சிருக்கும். அந்த மாசத்தில் இருந்து புதிய வரி முறைப்படி டிடிஎஸ் பிடிப்பாங்க. அது உங்க ஹெச்ஆர் எடுத்த முடிவு இல்லை. "ஊழியர் எதுவும் சொல்லலைன்னா புதிய முறைப்படி பிடிங்க"ன்னு 2023 ஏப்ரலில் மத்திய நேரடி வரிகள் வாரியமே சுற்றறிக்கை போட்டிருக்கு.

இப்படி, நாம ஒண்ணும் செய்யாம இருந்தா தானா அமலுக்கு வர்ற தேர்வுக்குப் பேர் "டீஃபால்ட்". உலகம் முழுக்க பென்ஷன் சட்டம், வரிச் சட்டம், நுகர்வோர் சட்டம் எல்லாத்திலயும் இன்னைக்கு இந்த ஒரு சொல்லுக்குப் பெரிய இடம் இருக்கு. இதுக்குப் பின்னாடி இருக்கிற துறைதான் நடத்தைசார் பொருளாதாரம், அதாவது பிஹேவியரல் எகனாமிக்ஸ். அது அரசாங்கங்களை எப்படி மாத்தியது, உங்க பே-ஸ்லிப்பில் எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு இந்தப் பதிவில் பார்க்கலாம்.

கால்குலேட்டர் மனுஷன் எங்கேயும் இல்லை

பழைய பொருளாதாரப் பாடங்களில் ஒரு மனுஷன் வருவான். அவனுக்கு எல்லா விவரமும் தெரியும். கணக்கில் தப்பே விடமாட்டான். 30 வருஷம் கழிச்சு வர்ற பென்ஷனையும் நாளைக்கு வர்ற பிரியாணியையும் ஒரே தராசில் எடை போடுவான். இந்த மாதிரி ஒருத்தரை நாம யாரும் நேர்ல பார்த்ததில்லை.

டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1970-களில் இருந்து நிஜ மனுஷங்க எப்படி முடிவெடுக்கிறாங்கன்னு சோதனை பண்ணிப் பார்த்தாங்க. கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் கிடைச்சது. அந்த வழியைச் சேமிப்பு, பென்ஷன்னு விரிவாக்கிய ரிச்சர்ட் தேலருக்கு 2017-ல் கிடைச்சது. நமக்குத் தேவையானது மூணே மூணு கண்டுபிடிப்பு:

1. இருக்கிறதே இருக்கட்டும்: ஒரு விஷயம் ஒரு நிலையில் இருந்தா அதை மாத்த நமக்கு மனசு வராது. மாத்துறது லாபமா இருந்தாலும் சரி.
2. இழப்பு வலி: 500 ரூபாய் கிடைச்ச சந்தோஷத்தைவிட 500 ரூபாய் தொலைச்ச வருத்தம் பெரிசு. ஏறக்குறைய இரண்டு மடங்கு வலிக்கும்னு ஆய்வுகள் சொல்லுது.
3. இன்னைக்கு மேல இருக்கிற பாசம்: சேமிப்பு அடுத்த மாசத்தில் இருந்து, ஜிம் திங்கட்கிழமையில் இருந்து. ஆனா செலவு மட்டும் இன்னைக்கே.

ஒரு டிக் மாறினது, 49 சதவீதம் 86 ஆனது

அமெரிக்காவில் நம்ம பிஎஃப் மாதிரி 401(கே) னு ஒரு ஓய்வூதியத் திட்டம் இருக்கு. பல கம்பெனிகளில் ஊழியர் தானே படிவம் நிரப்பிச் சேரணும். 1998-ல் ஒரு பெரிய கம்பெனி இதைத் தலைகீழா மாத்துச்சு. புதுசா வர்றவங்க எல்லாரும் தானாகவே திட்டத்தில் சேர்க்கப்பட்டாங்க. வேண்டாம்னா ஒரு படிவம் கொடுத்து வெளியே போகலாம். சம்பளத்தில் 3 சதவீதம் பிடித்தம். மத்தபடி திட்டத்தோட அம்சங்கள் அதேதான்.

பிரிஜிட் மேட்ரியன், டென்னிஸ் ஷே ரெண்டு பேரும் இதை ஆராய்ஞ்சு 2001-ல் வெளியிட்டாங்க. முன்னாடி, ஏறக்குறைய அதே அளவு சர்வீஸ் உள்ள ஊழியர்களில் 49 சதவீதம் பேர்தான் சேர்ந்திருந்தாங்க. தானாகச் சேர்த்தபிறகு அது 86 சதவீதம். யாரையும் கட்டாயப்படுத்தலை. படிவம் யார் நிரப்பணும்ங்கிறது மட்டும்தான் மாறுச்சு.

அதே ஆய்வில் இன்னொரு உண்மையும் வெளியே வந்துச்சு. தானாகச் சேர்க்கப்பட்டவங்களில் நிறைய பேர் அந்த 3 சதவீதத்திலேயே, குறைந்த வருமானம் தர்ற அந்த டீஃபால்ட் ஃபண்டிலேயே தங்கிட்டாங்க. தானா யோசிச்சுச் சேர்ந்திருந்தா இன்னும் அதிகமாகப் போட்டிருக்கக் கூடியவங்களும் அதில் இருந்தாங்க. டீஃபால்ட் உங்களை உள்ளே கொண்டு வரும். உங்களுக்கு எவ்வளவு தேவைன்னு அதுக்குத் தெரியாது.

இதுக்குத் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் ஒரு வழி சொன்னாங்க. "இப்போ கூட்ட வேண்டாம். அடுத்த இன்க்ரிமென்ட் வரும்போது கூட்டலாம்னு இன்னைக்கே கையெழுத்துப் போடுங்க." அந்தத் திட்டத்துக்குப் பேர் "நாளைக்கு அதிகம் சேமிப்போம்". இதில் சேர்ந்தவங்களோட சேமிப்பு 40 மாசத்தில், நாலு இன்க்ரிமென்டில், 3.5 சதவீதத்தில் இருந்து 13.6 சதவீதமாச்சு. மேலே சொன்ன மூணு பலவீனத்தையும் இது எப்படிக் கையாளுதுன்னு பாருங்க. கைக்கு வர்ற சம்பளம் குறையாததால் இழப்பு வலி இல்லை. வெட்டு எதிர்காலத்தில் விழுறதால் இன்னைக்குச் செலவு பண்ற ஆசைக்கு இடைஞ்சல் இல்லை. ஒரு தடவை கையெழுத்துப் போட்டுட்டா சோம்பேறித்தனமே நமக்காக வேலை செய்யும்.

சட்டப் புத்தகத்துக்குள் வந்தது எப்படி?

2006-ல் அமெரிக்காவின் பென்ஷன் பாதுகாப்புச் சட்டம், தானாகச் சேர்க்கிற கம்பெனிகளுக்கு வழியைச் சுலபமாக்குச்சு. இங்கிலாந்து இன்னும் ஒரு படி மேலே போச்சு. 2008-ல் சட்டம் போட்டு, 2012 அக்டோபரில் பெரிய கம்பெனிகளில் தொடங்கி, தகுதியுள்ள ஊழியர்களைத் தானாகச் சேர்க்கிறதை முதலாளிகளுக்குக் கட்டாயமாக்குச்சு. வயது 22-க்கு மேல், ஆண்டு வருமானம் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தா நீங்க உள்ளே. ஒரு மாசத்துக்குள் வேண்டாம்னு சொன்னா பணம் திரும்பி வரும். ஆனா சுமார் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி சேர்ப்பாங்க. மறுபடியும் நீங்கதான் வேண்டாம்னு சொல்லணும். 2019 ஏப்ரலில் இருந்து குறைந்தபட்ச பங்களிப்பு 8 சதவீதம். இப்படிச் சேர்க்கப்பட்டவங்க ஒரு கோடிக்கும் மேல்.

நம்ம பிஎஃப் இதுக்கெல்லாம் முன்னாடியே, 1952 சட்டத்திலேயே வந்தது. ஆனா அது பெரும்பாலும் கட்டாயம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. வெளியே போகக் கதவு இல்லைன்னா அது கட்டாயம். கதவு திறந்தே இருக்கு, ஆனா நாற்காலியை உள்பக்கம் போட்டு வச்சிருக்காங்கன்னா அது "நட்ஜ்", லேசா முழங்கையால் இடிச்சு வழிகாட்டுறது. இந்திய அரசும் இந்த மொழியை வெளிப்படையாகவே பேசியிருக்கு. 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையில் நடத்தைசார் பொருளாதாரத்துக்குன்னே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருந்தாங்க.

உங்க வரியில் இருக்கிற டீஃபால்ட்

புதிய வரி முறை 2020 பட்ஜெட்டில் வந்தப்போ, வேணும்னா நீங்கதான் தேர்வு செய்யணும். பழையதே டீஃபால்ட். 2023 பட்ஜெட் இதைத் திருப்பிப் போட்டுச்சு. அதுக்கு அடுத்து, 2024 ஜூலை 31 வரை தாக்கலான 7.28 கோடி ரிட்டர்ன்களில் 5.27 கோடி புதிய முறையில் வந்தது, அதாவது 72 சதவீதம். இது முழுக்க டீஃபால்ட்டின் வேலைன்னு சொல்ல முடியாது. அதே பட்ஜெட்டில் புதிய முறையின் அடுக்குகளும் ரிபேட்டும் கவர்ச்சியாச்சு. ரெண்டும் சேர்ந்துதான் இந்த எண்ணிக்கை.

சரி, இந்த டீஃபால்ட் உங்களுக்கு நல்லதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 15 லட்சம், அதில் பேசிக் 7.5 லட்சம். 2025-26 நிதியாண்டின் விகிதங்கள்.

புதிய முறை: 75,000 நிலையான கழிவு போக 14.25 லட்சம். வரி 93,750, செஸ் சேர்த்து 97,500 ரூபாய்.

ராஜா: பிஎஃப் 90,000 மட்டும்தான். நண்பர்களோட வீடு எடுத்துத் தங்கியிருக்கார், ரசீது எதுவும் இல்லை. பழைய முறையில் வரி செஸ்ஸோட 2,29,320 ரூபாய். டீஃபால்ட் இவருக்கு 1,31,820 ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுக்குது.

மீனா: சென்னையில் வாடகை வீடு, எச்ஆர்ஏ விலக்கு 3 லட்சம். ஊர்ல அப்பா அம்மா இருக்க இவங்க பேரில் வீடு கட்டிய லோனுக்கு வட்டி 2 லட்சம். 80சி 1.5 லட்சம், மெடிக்கல் இன்சூரன்ஸ் 25,000. நிலையான கழிவு 50,000-உம் சேர்த்தா மொத்தம் 7.25 லட்சம் கழியுது. பழைய முறையில் வரி 70,200 ரூபாய். மெயிலுக்குப் பதில் போடலைன்னா இவங்க 27,300 ரூபாய் கூடுதலா கட்டுவாங்க.

15 லட்சம் சம்பளத்துக்கு கோடு எங்கே இருக்குன்னா, பழைய முறையில் நிலையான கழிவையும் சேர்த்து மொத்தக் கழிவு சுமார் 5.94 லட்சத்தைத் தாண்டணும். அதுக்குக் கீழே புதியதுதான் லாபம். சம்பளம் மாறினா இந்தக் கோடும் மாறும். உங்க எண்ணைப் போட்டு வருமான வரித்துறை தளத்தில் இருக்கிற கால்குலேட்டரில் பாருங்க.

ஒரு முக்கியமான விஷயம். ஹெச்ஆர்கிட்ட சொல்றது டிடிஎஸ் பிடிக்கிறதுக்கு மட்டும்தான். உண்மையான தேர்வு நீங்க ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது. பிசினஸ் வருமானம் இல்லாத சம்பளக்காரங்க ஒவ்வொரு வருஷமும் மாத்திக்கலாம். மீனா ஏப்ரலில் மறந்திருந்தாலும், கடைசித் தேதிக்குள், வழக்கமா ஜூலை 31, ரிட்டர்னில் பழைய முறையைத் தேர்வு பண்ணி ரீஃபண்ட் வாங்கலாம். அந்தத் தேதியும் தாண்டினா கதவு மூடிடும். தாமத ரிட்டர்ன்ல புதிய முறை மட்டும்தான்.

80சி கூடவே போன ஒரு நல்ல பழக்கம்

இது பலர் கவனிக்காத பகுதி. 80சி வரிச் சலுகைன்னு மட்டும்தான் நினைச்சோம். ஆனா ஜனவரியில் ஹெச்ஆர் புரூஃப் கேட்கிற அந்த அவசரம்தான், நம்மில் பலரை முதல் தடவையா பிபிஎஃப், இஎல்எஸ்எஸ் பக்கம் தள்ளிக்கிட்டுப் போச்சு. புதிய முறையில் யாரும் புரூஃப் கேட்க மாட்டாங்க. வரி குறைஞ்சது, சேமிக்கச் சொல்லித் தொல்லை பண்ண ஆளும் இல்லாம போச்சு.

மேலே சொன்ன சம்பளத்தில் பிஎஃப் 90,000 போக, 80சி வரம்பை நிரப்ப வருஷம் 60,000 தேவைப்பட்டுச்சு. மாசம் 5,000. அதை 20 வருஷம் தொடர்ந்து போட்டு, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தா, போட்ட 12 லட்சம் சுமார் 38 லட்சமாகும். 10 சதவீதம் ஒரு அனுமானம்தான், யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனா போடாத பணத்துக்கு எந்த வளர்ச்சியும் கிடையாது. ராஜாவுக்கு மிச்சமான 1.31 லட்சம் இப்போ எங்கே இருக்கு? அதுக்குன்னு ஒரு டீஃபால்ட்டை அவர் போடலைன்னா, ஸ்விக்கிக்கும் இஎம்ஐக்கும் அது தானா பிரிஞ்சு போயிடும்.

உறவுக்காரப் பையனும் ஒரு குதிரையும்

இப்போ எதிர்ப்பக்கம் பார்ப்போம். சிஏ படிச்ச யாரும் மறக்காத ஒரு வழக்கு இருக்கு: 1862, இங்கிலாந்து, ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி. ஒருத்தர் தன் உறவுக்காரப் பையனோட குதிரைக்கு விலை சொல்லி, உன்கிட்ட இருந்து பதில் வரலைன்னா குதிரை என்னுதுன்னு எடுத்துக்குவேன்கிற அர்த்தத்தில் கடிதம் எழுதினார். பையன் பதில் போடலை. ஏலக்காரர் தவறுதலா குதிரையை வேற ஒருத்தருக்கு வித்துட்டார். இவர் ஏலக்காரர் மேல வழக்குப் போட்டார், தோத்துட்டார். ஒப்பந்தத்தில் மௌனம் சம்மதம் ஆகாதுன்னு சொல்ல இன்னைக்கும் இந்த வழக்கைத்தான் காட்டுவாங்க.

அப்போ ஒரு நியாயமான கேள்வி வரும். தனி ஆள் என் மௌனத்தைச் சம்மதமா எடுத்துக்கக் கூடாதுன்னா, அரசாங்கமும் கம்பெனியும் மட்டும் எடுத்துக்கலாமா?

இதே மனோதத்துவம் வியாபாரிகளுக்கும் தெரியும். டிக்கெட் புக் பண்ணும்போது முன்கூட்டியே டிக் போட்ட இன்சூரன்ஸ், "இலவச" சோதனை முடிஞ்சதும் தானா ஓடுற சந்தா, சேரும்போது ஒரு கிளிக், விலகும்போது ஏழு பக்கம். கருவி ஒண்ணுதான், யாருக்காகப் பயன்படுத்துறாங்கன்னுதான் பார்க்கணும். அதனால் அதே ஆராய்ச்சியை வச்சே சட்டங்கள் எதிர்ப்பக்கமும் வந்திருக்கு:

- ஐரோப்பிய ஒன்றியம் 2011 நுகர்வோர் உரிமை விதிகளிலேயே, முன்கூட்டி டிக் போட்டு கூடுதல் கட்டணம் வாங்கினா அதைத் திருப்பிக் கேட்க உரிமை கொடுத்தது.
- இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் "டார்க் பேட்டர்ன்" வழிகாட்டு விதிகளை அறிவிச்சது. 13 வகைத் தந்திரங்கள் பட்டியலில் இருக்கு. கேட்காமலே கூடையில் பொருள் சேர்க்கிறது, "இன்னும் 2 தான் இருக்கு"ன்னு பொய் அவசரம், விலக முடியாத சந்தாப் பொறி, வேண்டாம்னா வெட்கப்பட வைக்கிற வாசகம் எல்லாம் அதில் அடக்கம்.
- 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம்னா தெளிவான ஒரு செயல் மூலமா கொடுத்திருக்கணும்னு சொல்லுது. சும்மா இருந்தது சம்மதம் ஆகாது.
- 2021 அக்டோபரில் இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாக ஓடுற கட்டணங்களுக்கு 24 மணி நேரம் முன்னாடி தகவல் வரணும், நிறுத்தவும் வழி இருக்கணும்.
- டிஜிட்டல் கடனில் அபராதம் இல்லாம பின்வாங்க ஒரு அவகாசம், இன்சூரன்ஸ் பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் "ஃப்ரீ லுக்". அவசரத்தில் எடுத்த முடிவை ஆறின பிறகு திருத்திக்கத்தான் இது.

நல்ல டீஃபால்ட்டா, கெட்டதா? மூணு கேள்வி

1. நான் ஒண்ணும் செய்யலைன்னா யாருக்கு லாபம்? எனக்கா, அவங்களுக்கா?
2. உள்ளே வந்த அளவு சுலபமா வெளியே போக முடியுமா?
3. என்ன நடக்கப் போகுதுன்னு முன்னாடியே, புரியிற மாதிரி சொன்னாங்களா?

இங்கிலாந்து பென்ஷன் மூணிலும் தேறும். டிக் போட்ட இன்சூரன்ஸ் முதல் கேள்வியிலேயே விழும். புதிய வரி முறை? கதவு திறந்திருக்கு, அறிவிப்பும் இருக்கு. ஆனா முதல் கேள்விக்கு விடை ராஜாவுக்கு ஒண்ணு, மீனாவுக்கு வேற. அதனால்தான் அதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க

- வரி: உங்க எண்ணை வச்சு ரெண்டு முறையும் ஒப்பிடுங்க. ரிட்டர்ன் கடைசித் தேதியைக் காலண்டரில் போடுங்க.
- எஸ்ஐபி தேதி: சம்பளம் வர்ற மறுநாளா மாத்துங்க. 25-ஆம் தேதி மிச்சமிருக்கிறதைச் சேமிக்கலாம்னா, மிச்சம் இருக்காது.
- ஸ்டெப்-அப்: எஸ்ஐபி வருஷா வருஷம் 10 சதவீதம் தானா கூடுற வசதியை ஆன் பண்ணுங்க, இன்க்ரிமென்ட் மாசத்தோட பொருத்துங்க. தேலர் திட்டத்தின் நம்ம ஊர் வடிவம் இது.
- பிஎஃப்: வேலை மாறும்போது எடுத்துச் செலவு பண்ணாதீங்க, டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க. அஞ்சு வருஷத் தொடர் சர்வீஸ் முடியறதுக்குள் எடுத்தா பொதுவா வரியும் வரும். தானாகச் சேர்ந்த பணம் வேலை மாறும் நேரத்தில்தான் பெரும்பாலும் கரையுது.
- கம்பெனி என்பிஎஸ்: முதலாளி பங்களிப்புக்கு, பேசிக்கில் 14 சதவீதம் வரை, புதிய முறையிலும் கழிவு உண்டு. உங்க கம்பெனியில் இருக்கான்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. பணம் நீண்ட காலம் பூட்டப்படும், ஒரு பகுதி பென்ஷனாத்தான் வரும்ங்கிறதையும் யோசிச்சு முடிவெடுங்க.
- ஆட்டோபே: யுபிஐ ஆப்பிலும் கார்டிலும் ஓடிக்கிட்டிருக்கிற மேண்டேட் பட்டியலைத் திறங்க. கடந்த ரெண்டு மாசமா பயன்படுத்தாதது எல்லாத்தையும் நிறுத்துங்க.
- ஏமாத்திட்டாங்களா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டுப் பேசுங்க.

டீஃபால்ட் இல்லாத வாழ்க்கை யாருக்கும் கிடையாது. நீங்க எழுதலைன்னா வரித்துறையோ, ஹெச்ஆரோ, ஏதோ ஒரு ஆப்போ எழுதும். சம்பளம் வந்த மறுநாள் முதல் பணம் எங்கே போகணும்ங்கிற அந்த ஒரு வரியையாவது நீங்க எழுதுங்க.

ரெண்டு வரி முறையையும் ஒப்பிடுற எக்ஸெல் கணக்கை நம்ம சேனல் வீடியோவில் ஒவ்வொரு வரியா போட்டுக் காட்டியிருக்கேன். உங்க கணக்கில் எது லாபமா வந்துச்சு, ஆட்டோபே பட்டியலில் எத்தனை மறந்த சந்தா இருந்துச்சுன்னு கமெண்டில் சொல்லுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!